மற்றும் ஒருவர்

“துணிகர வழிப்பறி! பிரபல கொள்ளையன் துரைப்பாண்டிக்கு மூன்று வருடக் கடுங்காவல்!” பஸ் ஸ்டாண்ட் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் பேப்பரை விரித்துப் பிடித்து உரக்கப் படித்தார். “எழுத்தைப் பாரும் வே, கட்டெறும்புத் தண்டி போட்டிருக்கான்!”

டீக் கிளாஸை வாயருகே கொண்டுபோன உச்சிமாகாளி அப்படியே நிறுத்தினார்.

“எம் பேரு வந்திருக்கா?”

“பொறும் வே, படிக்கேன்லா. ‘முதல் எதிரி துரைப்பாண்டிக்கு மூன்று வருடமும், அவருடன் சென்ற மற்றும் ஒருவருக்கு ஆறு மாதமும் தண்டனை விதித்து சங்கரன்கோவில் மாஜிஸ்திரேட் தீர்ப்பளித்தார்.’ அம்புட்டுத்தான்.”

“மற்றும் ஒருவரா?”

“மற்றும் ஒருவர்தான் போட்டிருக்கு.”

கடையில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட உச்சிமாகாளிக்கு அவ்வளவு வலித்திருக்காது. எல்லாரும் துரைப்பாண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவன் எவ்வளவு நெஞ்சழுத்தக்காரன், எப்படித் திட்டம் போட்டிருப்பான், அந்த அரிவாள் எந்தப் பட்டறையில் அடித்தது என்றெல்லாம் பேச்சு போயிற்று. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார் உச்சிமாகாளி. வயிறு எரிகிறபோது டீ எப்படி இறங்கும்?

அவர் எரிச்சலிலும் நியாயம் உண்டு. இருபது வருடத்துக்கு மேலாக இதே ஊரில் இதே தொழில் செய்கிறவர் அவர். கிணற்று மோட்டார், கிடை ஆடு, கல்யாண வீட்டு அண்டா என்று அவர் கை படாத சாமான் இல்லை. ஊரில் எது காணாமல் போனாலும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து முதலில் அவருக்குத்தான் ஆள் வரும். துரைப்பாண்டி யார்? சினிமாக் கொட்டகை வாசலில் சைக்கிள் திருடிக்கொண்டிருந்த பயல். கிருதா வளர்த்து, பெல்பாட்டம் மாட்டிக்கொண்டால் பிரபல கொள்ளையன் ஆகிவிட முடியுமா? ஆகிவிட்டானே!

போலீஸ் எழுதிக்கொண்ட சம்பவம் இதுதான். பூக் கமிஷன் கடை வைத்திருக்கும் வேல்சாமியின் தாயார் சாகும்போது, தன் எட்டுப் பவுன் சங்கிலியை மகளுக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தாள். அந்த மகளை, அதாவது வேல்சாமியின் தங்கையை, கட்டிக்கொடுத்திருப்பது மேலநீலிதநல்லூரில். துக்கமெல்லாம் கழிந்து, ஒருநாள் சாயங்காலம் வேல்சாமி அந்தச் சங்கிலியை மஞ்சள் பையில் போட்டு, சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினார். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் இரண்டு பேர் நடுரோட்டில் அரிவாளோடு மறித்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். வேல்சாமி அழுதுகொண்டே ஸ்டேஷனுக்கு வந்தார். ஸ்டேஷனிலிருந்து வழக்கம்போலக் கேடிகளுக்கு ஆள் அனுப்பினார்கள்.

ஆள் வந்தபோது உச்சிமாகாளி பழையதில் கை வைத்திருந்தார். ஸ்டேஷன்தானே, ஓடியா போய்விடும் என்று சாவகாசமாகச் சாப்பிட்டு, கை கழுவி, தலை சீவிக்கொண்டு போனார். அதற்குள் துரைப்பாண்டி போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கேஸுக்கு இரண்டு பேர் கிடைத்தாயிற்று என்று, முதலில் வந்தவன் பேரை முதலில் எழுதினார்கள். கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிரி என்று பேர் அல்லவா, அவன் முதல் எதிரி, இவர் இரண்டாம் எதிரி. அந்தப் பழையதை நினைத்து நினைத்து அவர் பிறகு எத்தனையோ நாள் நொந்துகொண்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் களவை உச்சிமாகாளி செய்யவே இல்லை.

சம்பவத்தன்று அவர் ராயகிரியில் இருந்தார். மைத்துனர் மகளுக்குக் காதுகுத்து. ஆட்டுக்கறியை ஒரு பிடி பிடித்துவிட்டு, பந்தலுக்கு அடியிலேயே படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஊரே பார்த்தது. அதைக் கோர்ட்டில் சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு வந்திருக்கலாம். சொல்லத்தான் போனார். ஆனால் சர்க்கார் வக்கீல் எழுந்து, “கனம் கோர்ட்டார் அவர்களே, இது மிகவும் துணிகரமான கொள்ளை” என்று ஆரம்பித்ததும் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. அண்டா திருடியதையும் ஆடு திருடியதையும் யாரும் துணிகரம் என்று சொன்னதில்லை. அடையாளம் காட்டச் சொன்னபோது வேல்சாமி தலையைக் குனிந்துகொண்டே இரண்டு பேரையும் காட்டினார். இந்தப் பெருமையை ஏன் விடவேண்டும் என்று உச்சிமாகாளி வாயை மூடிக்கொண்டார்.

அந்தப் பெருமையைத்தான் தீர்ப்பு கெடுத்தது. ‘இரண்டாம் எதிரி வயதானவர். முதல் எதிரியின் பேச்சைக் கேட்டு உடன் நின்றவர் மட்டுமே’ என்று எழுதி, மாஜிஸ்திரேட் அவர்மேல் இரக்கப்பட்டுவிட்டார். அப்பீல் போடுவதற்காகத் தண்டனையை நிறுத்திவைத்து, இரண்டு பேரையும் ஜாமீனில் விட்டிருந்தார்கள்.

வீட்டில் பிச்சம்மாள் பூக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆறு மாசம்னா ஆடிக்குள்ள வந்திருவிய. அந்தப் பயலுக்குத்தான் மூணு வருசம். பாவம், எளவட்டம்.”

“பாவமா? எவம்ட்டி பாவம்? அவனுக்கு மூணு வருசம், எனக்கு ஆறு மாசம். நான் என்ன எளப்பமா?”

பிச்சம்மாள் பூவைக் கீழே வைத்தாள். “உங்களுக்கு என்னமும் கிறுக்குப் பிடிச்சிருக்கா? செய்யாத களவுக்கு ஆறு மாசமே அதிகம். அப்பீலு போட்டு, ராயகிரியில இருந்தேன்னு சொல்லுங்க. எங்கண்ணன் சாட்சி சொல்ல வருவாரு.”

“நான் ராயகிரியில இருந்தேன்னு சொன்னா, அவன் தனியாச் செஞ்சான்னு ஆயிரும்லாட்டி!”

“ஆனா ஆகட்டுமே.”

“ஆகக் கூடாது!” என்று கத்திவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வக்கீல் சங்கரசுப்புவுக்கு அப்பீல் என்ற சொல் காதில் விழுந்ததுமே முகம் மலர்ந்தது.

“வாரும் வே. நானே சொல்லிவிடணும்னு இருந்தேன். கேஸுல ஒண்ணுமே இல்ல. சங்கிலி கிடைக்கல, இருட்டுற நேரம், ஒத்தச் சாட்சி. ஜில்லாக் கோர்ட்டுல ஒரே தட்டு, விடுதலை!”

“விடுதலை வேண்டாம் அய்யா.”

“பின்ன?”

“கூட்டித் தரணும். மூணு வருசத்துக்குக் கொறையாம. நாலுன்னாலும் சரி.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “தூங்கினீரா இல்லையா வே?”

“தூக்கம் எங்கன வருது? அய்யா, நான்தான் செஞ்சேன்னு எழுதுங்க. துரைப்பாண்டி சும்மா என்கூட நின்னான், அவன்தான் மற்றும் ஒருவர்னு எழுதுங்க.”

“அப்பீல்ல தண்டனையைக் கொறைக்கலாம், விடுதலை பண்ணலாம். கூட்ட முடியாது. கூட்டணும்னா சர்க்காரு தனியா மேல போகணும். அதுக்குப் போலீசு எழுதணும். ஒமக்காக எவன் வே எழுதுவான்?”

“போலீசுதானே? அதை நான் பாத்துக்கிடுதேன்” என்று உச்சிமாகாளி எழுந்துவிட்டார். அந்தப் பக்கம் அவர் தலை மறைந்ததும் வக்கீல் விடுதலை கேட்டு அப்பீலை எழுத ஆரம்பித்தார். கட்சிக்காரன் பேச்சைக் கேட்டு நடந்தால் வக்கீல் தொழில் என்ன ஆவது?

ஸ்டேஷனில் ஏட்டு முகம்மது ஹுசைன் இருந்தார். கடையநல்லூர்க்காரர், நல்ல மனிதர். உச்சிமாகாளியை அத்தனை வருடமாகப் பிடித்து வந்ததில் இரண்டு பேருக்கும் ஒரு ஒட்டுதல் ஏற்பட்டிருந்தது.

“ஏட்டய்யா, எனக்குப் போட்ட தண்டன பத்தாதுன்னு மேல எழுதிப் போடணும்.”

“யா அல்லா!” ஏட்டு கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார். “என் சர்வீஸ்ல எத்தனையோ பேரப் பாத்திருக்கேன் வே. கொறைக்கச் சொல்லிக் கால்ல விழுந்திருக்கான். கூட்டச் சொல்லி எவனும் வந்ததில்ல.”

“நான்தான் முழுசாச் செஞ்சது. அந்தப் பயலுக்கு ஒண்ணும் தெரியாது.”

ஏட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். “உள்ளதச் சொல்லும். துரைப்பாண்டி மெரட்டுனானா? பழிய நீரே ஏத்துக்கிடணும்னு கழுத்துல கத்திய வச்சானா?”

“அவனா? என்னயா? நான் அவன...”

“பயப்படாதியும். எனக்கு வெளங்கிப்போச்சு.”

ஏட்டுக்கு வெளங்கியது பொழுது சாய்வதற்குள் ரதவீதி முழுக்க வெளங்கிவிட்டது. உச்சிமாகாளி மாதிரி பழம் தின்று கொட்டை போட்ட கள்ளனே பயந்து நடுங்கிப் பழியை ஏற்க வருகிறான் என்றால், துரைப்பாண்டி எப்பேர்ப்பட்ட ஆளாக இருக்க வேண்டும்! மறுநாள் காலையில் துரைப்பாண்டிக்கு டீக்கடையில் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். பஸ்ஸில் அவனுக்கு உட்கார இடம் கொடுத்தார்கள். முடிவெட்டுகிற கடையில் முறை தள்ளி முன்னால் உட்காரவைத்தார்கள். உச்சிமாகாளி எதிரே வந்தால், “என்ன மற்றும் ஒருவர், சோலியாப் போறீரா?” என்றார்கள்.

பொறாமை என்பது உள்ளுக்குள் இருக்கிற வரைக்கும் சமாளிக்கலாம். எதிரே வந்து நின்று வெற்றிலை போட்டால் எப்படிப் பொறுப்பது? தெற்கு ரதவீதி வெற்றிலைக் கடையில் துரைப்பாண்டி அப்படித்தான் நின்றுகொண்டிருந்தான். டெரிலின் சட்டை, கறுப்புக் கண்ணாடி. சுற்றிலும் நாலைந்து எடுபிடிகள். உச்சிமாகாளியைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிவிட்டு அருகில் வந்தான்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். சங்கிலி பத்திரமா இருக்கா?”

உச்சிமாகாளிக்குச் சுருக்கென்றது. திருடியவன் இவன், சங்கிலியை ஒளித்து வைத்திருப்பவன் இவன். வந்து, தன்னிடமே சங்கிலி பத்திரமாக இருக்கிறதா என்று கேட்கிறான் என்றால் எவ்வளவு நக்கல்! அழுது காட்டினால் அவனுக்குக் கொண்டாட்டம். அவரும் விறைப்பாக நின்றார்.

“இருக்க வேண்டிய எடத்துல இருக்கு. நீ எதுக்குலே கேக்க?”

“சும்மாதான். நடுரோட்டுல வச்சு, அரிவாளக் காட்டி... லேசுப்பட்ட வேலையா? எப்படி அண்ணாச்சி, மனசுக்குள்ள ஒரு நடுக்கம்கூட இருக்காதா?”

“தொழில் செய்தவனுக்குத் தெரியும்லே. நீயே சொல்லேன், ஒனக்கு இருந்துச்சா?”

துரைப்பாண்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு லேசாகச் சிரித்தான். “அதெல்லாம் தொழில் ரகசியம் அண்ணாச்சி. சரி, நீங்க வயசாளி. மேல்கோர்ட்டுல ஒதுங்கிக்கிடுங்க. நான் பாத்துக்கிடுதேன்.”

நான் பாத்துக்கிடுதேன்! உச்சிமாகாளி அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பிச்சம்மாள் வைத்த சோற்றைத் தொடவில்லை. “அவன் தல சீவுத அழகுக்கு அவனுக்குக் கொள்ள ஒரு கேடா?” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். “எப்படிச் செஞ்சானோ தெரியல. நல்லாத்தான் செஞ்சிருக்கான். பாவி, தடயமே இல்லாமச் செஞ்சிருக்கான்.” இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“இந்தக் கண்ணீர நம்ம கல்யாணத்துலகூட நான் பாக்கல” என்றாள் பிச்சம்மாள்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பறிகொடுத்தவன் வாயால் சொல்லவைத்தால் யார் மறுக்க முடியும்? மறுநாள் காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போனார். மல்லிகையும் பிச்சியும் அம்பாரமாகக் குவிந்து கிடக்க, ஏலம் போட்டுக்கொண்டிருந்த வேல்சாமி அவரைப் பார்த்ததும் எண்ணிக்கையை மறந்தார்.

“வேல்சாமி அண்ணாச்சி, நல்லா என் மூஞ்சியப் பாரும். அன்னைக்கு அரிவாள நீட்டுனது யாரு? நான்தான? மேல்கோர்ட்டுல அதச் சொல்லணும்.”

வேல்சாமிக்கு நெற்றியில் வேர்த்தது. “மேல்கோர்ட்டா? அங்கன மறுபடி எல்லாத்தையும் விசாரிப்பாவளா?”

“ஆதியோட அந்தமா விசாரிக்கச் சொல்லப் போறேன். விடப்போறதில்ல.”

“எதுக்கு அண்ணாச்சி அதெல்லாம்? முடிஞ்சது முடிஞ்சு போச்சு. தங்கச்சிகூட அழுது ஓய்ஞ்சுட்டா. எம் பொண்டாட்டி கோமதியம்மா, போன சங்கிலி போகட்டும், யாரும் அதப் பத்திப் பேசாதியன்னு சொல்லிட்டா.” வேல்சாமியின் குரல் நடுங்கியது. உச்சிமாகாளிக்கு உள்ளம் குளிர்ந்தது. அட, நம்மைக் கண்டு ஒருவன் இப்படிப் பயந்து எத்தனை வருடமாயிற்று!

அந்தக் குளிர்ச்சி நிலைக்கவில்லை. வேல்சாமி ஒரு பந்து மல்லிகையை எடுத்து அவர் கையில் திணித்தார். பிறகு மார்க்கெட் முழுக்கக் கேட்கிற மாதிரி, “அண்ணாச்சி தங்கமான மனுசன்! பச்சப்புள்ள மனசு! அந்தத் துரைப்பாண்டி கூடச் சேந்ததுதான் குத்தம். இவருமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல!” என்றார்.

பூவோடு வீடு திரும்பிய உச்சிமாகாளியைத் தெருவே பார்த்தது. கொள்ளையடித்தவனுக்குப் பறிகொடுத்தவனே இரக்கப்பட்டு மல்லிகைப்பூ கொடுத்தனுப்பிய கதை இதற்குமுன் எந்த ஊரிலும் நடந்திருக்காது. பிச்சம்மாள் மட்டும் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

அப்பீல் விசாரணைக்கு வந்த நாளில் உச்சிமாகாளி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். ஜில்லாக் கோர்ட்டு, உயரமான கூரை, தலைக்குமேல் கிறீச்சிடும் மின்விசிறி. பெரிய ஜட்ஜ் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். துரைப்பாண்டிக்குத் தனி வக்கீல். அவர் பேசி முடித்ததும் சங்கரசுப்பு எழுந்தார்.

“கனம் கோர்ட்டார் அவர்களே, என் கட்சிக்காரர் ஓர் ஏழை. அப்பாவி. ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். சம்பவ இடத்தில் அவர் இல்லவே இல்லை...”

“பொய்!”

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. உச்சிமாகாளி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“வக்கீலய்யா பொய் சொல்லுதாவ. நான்தான் செஞ்சேன். எல்லாம் என் திட்டம். துரைப்பாண்டி சும்மா நின்னான்.”

சங்கரசுப்பு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குக் கதை கேட்கிற ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது.

“நீர்தான் செய்தீரா? எப்படிச் செய்தீர், சொல்லும்.”

இந்த ஒரு கேள்விக்காகத்தானே உச்சிமாகாளி இத்தனை நாள் தவமிருந்தார்! வேல்சாமி சொன்ன சாட்சியம் அவருக்கு மனப்பாடம். அதை அப்படியே ஒப்பித்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் வாயைத் திறந்ததும் தொழில் சுத்தம் குறுக்கே வந்து நின்றது. நடுரோட்டில் இரண்டு பேர் அரிவாளோடு நின்று மறிப்பதாவது! அப்படியொரு மட்டமான வேலையைத் தன் பேரில் எழுதிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

“நடுரோட்டுல நிக்கலய்யா. நின்னா மூஞ்சி தெரியும்லா. ரோட்டுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் நின்ன ரெண்டு பனைக்கும் குறுக்க கயித்தக் கட்டிப் படுத்திருந்தேன்.”

“சாட்சியத்தில் கயிறு இல்லையே?”

“அரிவாளும் கெடையாதய்யா. தொழில் தெரிஞ்சவன் அரிவா எடுக்க மாட்டான். அரிவா பளபளன்னு காட்டிக் குடுத்துரும். சைக்கிள் கவுந்ததும் கோணிச் சாக்க அவரு தலையில போட்டேன்.”

“தலையில் சாக்கு. பிறகு?”

“பொழுது சாயத நேரமும் தப்புய்யா. அப்ப ராஜபாளையம் பஸ்ஸு திரும்பும். நான் உச்சி வெயில்ல செஞ்சேன்.”

ஜட்ஜ் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். குறிக்கக் குறிக்க அவர் முகத்தில் ஒரு கனிவு வந்தது. உச்சிமாகாளி அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாக, வேல்சாமி வந்த திசையைக்கூட மாற்றிச் சொன்னார்.

மதியத்துக்கு மேல் தீர்ப்பு வந்தது. முதல் எதிரி துரைப்பாண்டியின் அப்பீல் தள்ளுபடி. மூன்று வருடம் உறுதி. இரண்டாம் எதிரியைப் பற்றி ஜட்ஜ் நிதானமாகப் படித்தார். ‘இவர் சொன்னதில் ஒரு சங்கதிகூடச் சம்பவத்தோடு ஒத்துப்போகவில்லை. இந்தக் கொள்ளையைப் பற்றி இவருக்கு எதுவுமே தெரியாது என்பது வெளிப்படை. முதல் எதிரியின் மேலுள்ள பாசத்தாலோ பயத்தாலோ பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள வந்திருக்கிறார். கொள்ளை போன்ற காரியத்தைச் செய்யும் சாமர்த்தியமோ துணிவோ இவரிடம் இருப்பதாக இந்தக் கோர்ட் கருதவில்லை. விடுதலை செய்யப்படுகிறார்.’

“கில்லாடி வே நீரு!” என்று சங்கரசுப்பு வராந்தாவில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “என் பேச்சால வராத விடுதலை, உம்ம உளறலால வந்திருச்சு!”

உச்சிமாகாளிக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. துரைப்பாண்டியை விலங்கு மாட்டி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் போலீஸ். வேடிக்கை பார்க்கக் கூட்டம். ஏறும்போது திரும்பி, “அண்ணாச்சி, நீங்க ஆளு பெரிய ஆளு!” என்று கத்தினான். போகிறபோதும் குத்திவிட்டுப் போகிறான் பாவி என்று இவர் பல்லைக் கடித்தார்.

ஊருக்குள் அதற்குப் பிறகு தலைகாட்ட முடியவில்லை. சாமர்த்தியமும் துணிவும் இல்லை என்று ஜில்லா ஜட்ஜே எழுதிக் கொடுத்துவிட்டார். ஏட்டு முகம்மது ஹுசைன் வீடு தேடி வந்து, “இனிமே நீரு ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் வே. கேடி லிஸ்டுல உம்ம பேர அடிச்சாச்சு. நிம்மதியா இரும்” என்று நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமே தெருக்கோடியில் ஓர் ஆடு காணாமல் போயிற்று. உச்சிமாகாளி தலை சீவிக்கொண்டு காத்திருந்தார். ஆள் வரவில்லை. ஏட்டு அவர் வாசலைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போனார்.

அன்றைக்குத்தான் அவர் முடிவு கட்டினார். இனி அப்பீலும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். செய்தே காட்டிவிட வேண்டியதுதான். அதுவும் வேல்சாமி வீட்டில். துரைப்பாண்டி ஆளில்லாத ரோட்டில் மறித்தான். தான் ஊருக்கு நடுவில், பட்டப்பகலில், நேர் வாசல் வழியாகப் போய்ப் பறிக்க வேண்டும். அப்போது தெரியும் யார் மற்றும் ஒருவர் என்று.

வேல்சாமி பூ மார்க்கெட்டில் இருக்கும் நேரம் பார்த்து, இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு போனார். முகத்தை மூடவில்லை. மூடினால் யாருக்குத் தெரியும்? கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே கோமதியம்மாள் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, கழுத்துச் சங்கிலியை இப்படியும் அப்படியும் திருப்பி அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அரிவாள் தெரிந்ததும் அப்படியே உறைந்துபோனாள்.

“சத்தம் போடாத தாயி. திரும்பி நல்லாப் பாத்துக்கோ. நான் யாரு?”

“உச்சிமாகாளி அண்ணாச்சி.”

“அதச் சரியாச் சொல்லணும். ஸ்டேஷன்ல கேட்டா உச்சிமாகாளி ஒருத்தர்தான் வந்தாரு, கூட ஒருத்தரும் இல்லன்னு சொல்லணும். பேப்பர்க்காரன் கேட்டாலும் அதேதான். மறந்துர மாட்டியே?”

“மாட்டேன் அண்ணாச்சி.”

“வெளிச்சத்துக்கு வேணா வாரேன். அடையாளம் போதுமா?”

“போதும் அண்ணாச்சி.”

உச்சிமாகாளிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை நாள் எரிந்த வயிறு அந்த நிமிடத்தில் அவிந்தது. அரிவாளை உருவி நீட்டினார். கையில் துளி நடுக்கமில்லை.

“அப்ப, கழுத்துல கெடக்க சங்கிலியக் கழத்திக் குடு. குடுத்துட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போ.”

கோமதியம்மாளின் கை சட்டென்று கழுத்துக்குப் போய்ச் சங்கிலியைப் பொத்திக்கொண்டது. அரிவாளைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய பயம் அப்போது அவள் முகத்தில் வந்தது. வெளிவாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கெஞ்சுகிற குரலில் சொன்னாள்:

“அண்ணாச்சி, வளையல் இருக்கு, வெள்ளிக் குத்துவிளக்கு இருக்கு, எத வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க, இப்பவே ஸ்டேஷன்ல போயி உங்க பேரச் சொல்லுதேன், இந்தச் சங்கிலிக்கு மட்டும் நான் எப்படிக் கம்ப்ளெயிண்டு குடுப்பேன், இதுதான் ஏற்கெனவே களவு போயிருச்சுல்லா!”